ரெசின் பேனாக் கட்டை அச்சை விட்டு வர மறுக்கிறது: ஹெச்டிபிஇ, சிலிகான் இரண்டிலும்

மரத்தூள்:

வணக்கம். பேனா கடைவதற்கான ரெசின் (ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசின்) கட்டைகளை இரண்டு வகை அச்சில் வார்க்கிறேன். இரண்டிலும் தொல்லை, ஆனால் வேறு வேறு தொல்லை.

முதலாவது, 30 மி.மீ. கனமுள்ள ஹெச்டிபிஇ (வழவழப்பான ஒரு வகை பிளாஸ்டிக்) பலகையில் ரூட்டர் என்ற குடையும் கருவியால் குடைந்தது. ஐந்து குழிகள், ஒவ்வொன்றும் 20 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழம், 130 மி.மீ. நீளம். சுவர்கள் நேர் செங்குத்து. எபாக்சி ரெசின் ஊற்றி 48 மணி நேரம் விட்டேன். இரண்டு கட்டைகள் கவிழ்த்துத் தட்டியதும் விழுந்தன, மூன்று அசையவே இல்லை. ஹெச்டிபிஇயில் எதுவும் ஒட்டாது என்று நம்பி ரிலீஸ் ஸ்ப்ரே (அச்சில் ஒட்டாமலிருக்க அடிக்கும் தெளிப்பு), மெழுகு எதுவும் பூசவில்லை.

இரண்டாவது, விலைக்கு வாங்கிய சிலிகான் அச்சு. இதில் பாலியூரிதேன் ரெசின் ஊற்றுகிறேன். முதலில் வழுக்கிக்கொண்டு வந்தது. இருபது தடவைக்கு மேல் ஆனபின் இப்போது இறுகப் பிடிக்கிறது; ஒரு மூலை கிழிந்தும்விட்டது. கட்டையின் பக்கங்கள் மங்கலாக வருகின்றன. பொறுமையில்லாமல் எடுத்தால் வில்லாக வளைகிறது.

மாட்டிக்கொண்ட மூன்றையும் அச்சைக் கெடுக்காமல் எடுக்க வழி உண்டா? சிலிகானை மீட்க முடியுமா? எடுக்கும் பதம் வந்துவிட்டதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

உளிமுனை:

ஹெச்டிபிஇயில் ரெசின் ஒட்டாது, சரி. ஆனால் மாட்டிக்கொள்ளும். ஒட்டுவது வேறு, மாட்டுவது வேறு.

20 மி.மீ. ஆழத்தை ரூட்டரில் ஒரே ஓட்டத்தில் குடைந்திருக்க மாட்டீர்கள். மூன்று நான்கு தடவை இறக்கியிருப்பீர்கள். ஒவ்வொரு ஓட்டமும் சுவரில் மயிரிழை அளவுக்கு ஒரு படி விட்டுப் போயிருக்கும். காலியான குழி ஒன்றில் நகத்தைத் தரையிலிருந்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்குமிடத்தில்தான் ரெசினும் தடுக்கிறது. போதாக்குறைக்குச் சுவர் செங்குத்து, அடியில் காற்றுப் புகவும் வழியில்லை. கட்டை ஒரு மி.மீ. எழும்பினாலே கீழே வெற்றிடம் உண்டாகி அதைத் திரும்ப உறிஞ்சும்.

இப்போதைக்கு இந்த வரிசையில் முயலுங்கள். ஒன்றில் வந்துவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

முதலில் விளிம்பு. ரெசின் சுவரோரமாக ஏறி அச்சின் மேல்முகத்தில் காகிதக் கனத்துக்கு வழிந்து படர்ந்திருக்கும். அதுவே நான்கு பக்கமும் கொக்கி மாதிரி பிடிக்கும். கூரான கத்தியைப் படுக்க வைத்துச் சீவி எடுத்துவிடுங்கள். பல நேரங்களில் வேலை இதோடு முடிந்துவிடும்.

அடுத்து குளிரும் சூடும். ஃப்ரீசரில் வை என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி வழிதான் சொல்கிறார்கள். ஹெச்டிபிஇ எபாக்சியைவிட அதிகமாகச் சுருங்கும், அதிகமாக விரியும். குளிர்ந்த நிலையில் அச்சு கட்டையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். விடுவது சூடேறும்போது. ஃப்ரீசரில் அரைமணி நேரம் வைத்து, எடுத்ததும் அடிப்பாகமும் பக்கங்களும் மட்டும் நனையும்படி 60 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் நிறுத்துங்கள். கட்டை குளிர்ந்திருக்கும்போதே அச்சு விரியும். அந்த நேரத்தில் இரண்டு ரீப்பர் மேல் கவிழ்த்து வைத்து, குழியின் அடிப்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். வெந்நீரிலேயே ஊறவிடாதீர்கள், பல எபாக்சிகள் 50, 60 டிகிரியிலேயே இளகிவிடும்.

அதற்கும் அசையவில்லையென்றால் திருகு. முனையிலிருந்து 8 மி.மீ. தள்ளி 3 மி.மீ. துளை, 10 மி.மீ. ஆழம். 4 மி.மீ. மரத்திருகை ஏற்றி, அச்சின் மேல் ஒரு மரத்துண்டைத் தாங்கலாக வைத்து, ஆணி பிடுங்கும் சுத்தியலால் நெம்புங்கள். ஒரு முனை எழும்பிக் காற்றுப் புகுந்தால் போதும். துளை விழுந்த முனை எப்படியும் கழிவுதான்: ஸ்லிம்லைன் என்ற மெல்லிய பேனாவுக்குக் கட்டைக்குள் செருகும் பித்தளை டியூப் சுமார் 54 மி.மீ.இல் இரண்டு, ரம்ப வெட்டு 3 மி.மீ.; 130இல் ஏறக்குறைய 19 மி.மீ. மிஞ்சும்.

உளியை மட்டும் சுவரோரம் இறக்காதீர்கள். அந்தக் கீறலில் அடுத்த வார்ப்பும் மாட்டும்.

இனி வராமல் தடுக்க: உங்கள் அச்சின் தரை 10 மி.மீ. கனம். ஒவ்வொரு குழியின் இரு முனையிலும் 6 மி.மீ. துளை போட்டு, அதே விட்டமுள்ள நைலான் கம்பியை 10 மி.மீ. நீளத்துக்கு நறுக்கிச் செருகி, வெளிப்பக்கம் டேப் ஒட்டிவிடுங்கள். எடுக்கும்போது டேப்பை உரித்துக் கம்பியை உள்ளே தள்ளினால் அதுவே கட்டையைத் தூக்கிவிடும். புதிதாகச் செய்வதானால் சுவரை 2 டிகிரி சாய்த்துக் குடையுங்கள். 20 மி.மீ. ஆழத்துக்குப் பக்கத்துக்கு 0.7 மி.மீ. வரும், அடியில் 20, மேலே 21.4. படிகளை நீக்க உப்புத்தாள் போடாதீர்கள். ஹெச்டிபிஇ பஞ்சு பஞ்சாகக் கிளம்பும், அந்த மயிர்களை ரெசின் பிடித்துக்கொள்ளும். ஸ்கிரேப்பர் தகட்டால் சுரண்டுவதுதான் சரி. கடைசியாக மெழுகு, மெல்லியதாக.

பிசின்பாட்டன்:

சிலிகானைப் பற்றி. உங்கள் அச்சு கெட்டுப்போகவில்லை, தேய்ந்திருக்கிறது. பாலியூரிதேனில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஒவ்வொரு வார்ப்பிலும் சிலிகானின் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். சிலிகானில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப்பசையும் கட்டையோடு போய்விடும். வழவழப்பு போன பரப்பில் ரெசினுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. பாலியெஸ்டர் ரெசின் ஊற்றினாலும் இதே கதிதான், அங்கே குற்றவாளி அதில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம். எபாக்சி இவ்வளவு கடுமை காட்டாது.

மங்கல் பற்றிக் கவலை வேண்டாம். அச்சின் பரப்பு எப்படியோ அப்படியே கட்டையும் வரும். 20 மி.மீ. சதுரத்தை 12, 13 மி.மீ. உருளையாகக் கடையப்போகிறீர்கள், அந்தத் தோல் முழுதும் சீவலாகப் போய்விடும். பக்கவாட்டில் நுண்குமிழ்கள் நிறைந்த வெள்ளைப் படலம் தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும். அது ஈரம். பாலியூரிதேன் தண்ணீரைக் கண்டால் கரியமில வாயுவை விட்டு நுரைக்கும்.

செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, 65 டிகிரியில் இரண்டு மணி நேரம் அவனில் (மின்சாரச் சூட்டடுப்பில்) காய வையுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் அவன் கூடாது. அசிட்டோன் போட்டுத் துடைக்க வேண்டாம், மிச்சமிருக்கும் எண்ணெய்ப்பசையும் போய்விடும். ஆறியபின் சிலிகான் ரிலீஸ் ஸ்ப்ரே: ஒரு கை நீளத் தூரத்திலிருந்து லேசாக ஒரு வீச்சு, உலர்ந்த தூரிகையால் மூலைகளில் பரப்புங்கள், டப்பாவில் சொன்ன நேரம் காய விடுங்கள், பிறகு இன்னொரு வீச்சு. அடியில் தேங்கினால் கட்டையில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் விழும். பாலியூரிதேனுக்கு ஒவ்வொரு தடவையும் அடிப்பதுதான் அச்சின் ஆயுளைக் கூட்டும். இழுக்கத் தொடங்கிய பிறகு அடிப்பது காலம் தாழ்ந்த வைத்தியம், ஆனாலும் பலன் உண்டு.

ஒரு எச்சரிக்கை. டியூபை அச்சுக்குள்ளேயே வைத்து வார்ப்பவர்கள், அதாவது டியூப் மேல் படமோ தபால்தலையோ ஒட்டி அதைச் சுற்றி ஊற்றுபவர்கள், டியூபை வைத்தபின் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. டியூப் மேல் ஒரு துளி பட்டால் ரெசின் அங்கே பிடிக்காது. கடையும்போது அந்த இடம் பெயர்ந்து பறக்கும்.

கிழிந்த மூலையை வெட்டிச் சீராக்கி, சிலிகான் சீலன்ட் வைத்து அடைத்து, ஒரு நாள் முழுதும் காயவிடலாம். சிலிகான் மேல் சிலிகான்தான் பிடிக்கும், வேறு பசை எதுவும் நிற்காது.

வட்டக்கடைசல்:

எப்ப எடுக்கிறதுங்கிறதுக்கு வரேன். பெரும்பாலும் தப்பு நடக்கிறது இங்கதான்: கலக்கின கப்பில் மிச்சமிருக்கிற ரெசினைத் தொட்டுப் பார்த்து, கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னு அச்சைப் பிரிப்பாங்க. கப்பில் மொத்தமா தேங்கினது தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். அச்சில் ஒரு கட்டைக்கு 50 மி.லி.தான், நீளமா மெலிசா பரவியிருக்கு. சூடு வெளியே போயிடும், இறுக நேரமாகும். கப்பைப் பார்க்காதீங்க, அச்சு விளிம்பில் வழிஞ்ச மெல்லிய ஓரத்தைப் பாருங்க. அங்க நகத்தை அழுத்தினா தடம் விழக்கூடாது. ஓரத்தை மடக்கினா வளையாம ஒடியணும். வளைஞ்சா இன்னும் பொறுங்க.

பொதுவா வார்ப்புப் பாலியூரிதேன் 1 முதல் 4 மணி நேரம், எபாக்சி 24 முதல் 72 மணி நேரம். பாட்டிலில் போட்டிருக்கிறதுதான் முடிவு, அதுவும் சுமார் 25 டிகிரிக்கு. அறை 10 டிகிரி குறைஞ்சா நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாலியெஸ்டர் மேல்முகம் பிசுபிசுன்னு இருக்கும், அது காற்று பட்டதால. வேகாததுன்னு நினைச்சு நாள்கணக்கா காத்திருக்க வேண்டாம். அடிப்பக்கம் இறுகியிருந்தா எடுத்துடலாம்.

ரொம்ப நேரம் விட்டாலும் ஆபத்து இருக்கு, ஆனா சிலிகானில் மட்டும். பாலியூரிதேனை நாலு நாள் அப்படியே போட்டு வைச்சா அதிகமாப் பிடிக்கும். ஹெச்டிபிஇயில் எத்தனை நாள் விட்டாலும் கவலையில்லை.

குமிழ் நசுங்கணும்னு அச்சைப் பிரஷர் பாட்ங்கிற காற்றழுத்தப் பாத்திரத்துல வைக்கிறவங்க 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குள்ள, பாத்திரத்தோட வரம்பைத் தாண்டாம, ரெசின் இறுகுற வரைக்கும் அழுத்தத்தை விடக்கூடாது. பாதியில் விட்டா நசுங்கிக் கிடந்த குமிழெல்லாம் திரும்ப விரியும். மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி முள் பூஜ்யத்துக்கு வந்திருக்கணும்.

சிலிகானிலிருந்து எடுக்கிற முறை: முனையைப் பிடிச்சு இழுக்காதீங்க, மூலை கிழியிறது அதனாலதான். முதல்ல விளிம்பைச் சீவுங்க. அப்புறம் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் வெளிப்பக்கமா விலக்கிக்கிட்டே முழு நீளத்துக்கும் போங்க. சுவர் விடுற இடம் கலர் மாறித் தெரியும், காற்றுப் புகுந்து வெளிறிப்போகும். இரண்டு பக்கமும் அப்படி வெளிறினபிறகு கவிழ்த்து, அடியில் ஒரு முனையிலிருந்து அழுத்துங்க. 'ப்ளக்'னு ஒரு சத்தம் வரும், அதோட கட்டை கையில விழும்.

வளைஞ்ச கட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். 60, 65 டிகிரியில் 20 நிமிஷம் சூடாக்கி, இரண்டு தட்டையான இரும்புப் பட்டைக்கு நடுவில வைச்சு, மேல பாரம் ஏத்தி முழுசா ஆறவிடுங்க. சூட்டோட எடுத்தா திரும்ப வளையும்.

மரத்தூள்:

விளிம்பைச் சீவியதுமே ஒன்று வந்துவிட்டது. வெந்நீரில் இரண்டாவது வந்தது, மூன்றாவதுக்குத் திருகு தேவைப்பட்டது. நகம் சொன்ன இடத்தில் படி இருந்தது. இன்னொரு கேள்வி: 25 மி.மீ. பிவிசி குழாயில் உருளையாக வார்க்கலாமா? சதுரத்தை உருளையாக்கும் வேலை மிச்சமாகுமே.

உளிமுனை:

வார்க்கலாம். ஆனால் முழுக்குழாயில் ஊற்றினால் எடுக்க ரம்பம்தான் வேண்டும். பிவிசி ஹெச்டிபிஇ போலல்ல, பாலியூரிதேனும் எபாக்சியும் அதில் நிஜமாகவே ஒட்டும். பாலியெஸ்டரை ஊற்றவே வேண்டாம், ஸ்டைரீன் பிவிசியை இளக்கும்.

ஊற்றுவதற்கு முன்பே குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் ரம்பத்தால் சுவர் முழுதும் அறுபடும்படி வெட்டிவிடுங்கள். வெட்டின் பிசிறை உள்பக்கம் நன்றாகச் சுரண்டி, பேஸ்ட் மெழுகு இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் துணியால் தேய்த்துவிடுங்கள். வெளியே பேக்கிங் டேப்பை வெட்டின் மேல் நீளவாக்கில் ஒட்டி, மேலே, நடுவில், கீழே என்று மூன்று ஹோஸ் கிளாம்ப் இறுக்குங்கள். அடிமூடியையும் மெழுகிட்டுச் செருகுங்கள். அதன் சுற்றுவிளிம்பில் மாடலிங் களிமண் அப்பினால் கசியாது. ரெசினை 10 மி.மீ. கூடுதலாக ஊற்றுங்கள், இறுகும்போது மேலே நடுவில் குழி விழும்.

எடுக்கும்போது கிளாம்புகளைக் கழற்றி, வெட்டுக்குள் ஒரு மர ஆப்பைச் செருகி ஒரு திருப்பு. குழாய் 2 மி.மீ. விரிந்தாலே உருளை நழுவிவிடும். வெட்டு இருந்த இடத்தில் கட்டையின் மேல் மெல்லிய வரம்பு ஒன்று நீளமாக நிற்கும். லேத்தில் ஏற்றுமுன் அதை அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் உளி முதல் சுற்றிலேயே அதில் கொத்தும்.