அந்தப் பழைய வீட்டை வாங்காமல் விட்டதில் வந்த நிம்மதி

திருமணமான புதிதில் நானும் என் மனைவியும் ஒரு பழைய வீட்டை ஏறக்குறைய வாங்கியே விட்டோம். உயரமான கூரையும் அகலமான ஜன்னல்களும் கொண்ட அந்த வீட்டின் விலை, அதே பரப்புள்ள புது வீட்டின் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. குடியேறிய பிறகு ஒவ்வோர் அறையாகச் சீரமைத்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துச் சென்றோம்.

அவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே, குழந்தை உண்டா என்று எங்களிடம் கேட்டார். இனிமேல்தான் என்றோம். அதன்பின் புதிதாக வெள்ளையடித்த சுவரின் அடியில் பரவியிருந்த ஓதத்தையும், எர்த் இணைப்பே இல்லாத ஒயரிங்கையும், கரையான் அரித்து உள்ளே கூடாகிப்போன கதவு நிலையையும் காட்டினார். கூரையின் அடிப்பக்கத்தில் நீளமாக ஓடிய வெடிப்புகளைப் பூச்சின் குறை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது கான்கிரீட்டை நெம்பிப் பிளக்கிறது என்று அவர் விளக்கினார்.

ஒவ்வோர் அறையாகச் செய்வது என்ற எங்கள் கணக்கும் அன்றே பொய்த்தது. ஒயரும் குழாயும் எல்லா அறைகளுக்கும் பொதுவாகச் சுவருக்குள் ஓடுபவை. அவற்றை மாற்றச் சுவரை உடைத்து, மீண்டும் பூசி, பூச்சு நன்றாக உலர்ந்த பிறகே வண்ணம் அடிக்க முடியும் என்பதால், பிளம்பர் ஒரு வாரம் தாமதித்தால் அவருக்குப் பின்னால் வரவேண்டிய அத்தனை பேரும் தாமதிப்பார்கள்.

என்னை உண்மையில் பின்வாங்க வைத்தது பழைய பெயிண்ட்தான். அதில் ஈயம் இருக்கலாம், சுரண்டும்போதும் தேய்க்கும்போதும் அது தூசியாகி வீடு முழுவதும் படியும் என்றார். பின்னர் தேடிப் படித்தபோது, ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றும், அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடையும் என்றும், வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தைகள் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை உட்கிரகிக்கக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் குறிப்பிட்டிருப்பதைக் கண்டேன். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில்தானே வைக்கும்!

அடுத்த ஆண்டே மகள் பிறந்தாள். தாளிப்பு வாசனைகூடத் தாங்காமல் மனைவி தவித்த மாதங்களையும், நாங்கள் மாறி மாறி விழித்திருந்த இரவுகளையும் நினைக்கும்போது, அவற்றுக்கு நடுவே சுவர் உடைக்கும் சத்தத்தைப் பொருத்திப் பார்க்கவே என்னால் முடியவில்லை. அந்த வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒரு தம்பதியர் அதை வாங்கி, வேலை முடியும்வரை வேறிடத்தில் தங்கியிருந்து, மிக நன்றாகவே சீரமைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னல்கள் மீது எனக்கு இன்றும் ஆசை உண்டு என்பது வேறு விஷயம்.

* * *

மேலே எழுதிய நண்பரைப் போலவே நாங்களும் ஒரு பழைய வீட்டைக் கைவிட்டோம். ஆனால் எங்களைத் தடுத்தது பணக்கணக்கு. வீடு இன்றுள்ள நிலைக்கு என்ன மதிப்போ அதை வைத்தே வங்கி கடன் தர முன்வந்தது. சீரமைப்புச் செலவு முழுவதும் எங்கள் சேமிப்பிலிருந்து போக வேண்டும். வேலை முடியும்வரை மாதத் தவணையோடு வாடகையையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். இருவரும் சம்பாதித்த அப்போதே அது இறுக்கமாகத் தெரிந்ததால், தரகரின் வற்புறுத்தலையும் மீறி விலகினோம். சில மாதங்களில் நான் கருவுற்றேன். மருத்துவர் முழு ஓய்வு சொல்லிவிட்டதால், எதிர்பார்த்ததைவிட வெகு முன்னதாகவே என் சம்பளம் நின்றது. கையிலிருந்த சேமிப்புதான் பிரசவச் செலவையும் அதற்குப் பின் ஓராண்டையும் தாங்கியது. இப்போது மகன் பள்ளிக்குப் போகிறான். நாங்களும் மறுபடி பழைய வீடுகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம், இம்முறை சீரமைப்புத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு.