ஆச்சே உடன்படிக்கை: இந்தோனேசிய மொழி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களே, 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும், அந்நாட்டின் ஆச்சே மாகாணத்தில் போராடிய சுதந்திர ஆச்சே இயக்கமும் கையெழுத்திட்ட உடன்படிக்கை பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். 1976 முதல் தனிநாடு கேட்டவர்கள் அக்கோரிக்கையைக் கைவிட்டு, 840 ஆயுதங்களை ஒப்படைக்க இசைந்தார்கள். மாகாணக் கட்சி தொடங்கும் உரிமையும் இயற்கை வள வருவாயில் 70 சதவீதமும் பதிலுக்கு உறுதியளிக்கப்பட்டன. சுனாமிதான் மனம் மாற்றியது என்பார்கள். அது மட்டுமே காரணமல்ல. பேச்சுக்கான முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

என்னை உறுத்துவது, மோதல் கால மனித உரிமை மீறல்களை விசாரிக்கும் உண்மை, நல்லிணக்க ஆணையம். உடன்படிக்கையில் உறுதியளித்தும் அதை அமைப்பது பல ஆண்டுகள் இழுபட்டது. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அங்கே அளித்த சாட்சியங்களைப் படிக்க விரும்புகிறேன். இந்தோனேசிய மொழிக்கு நெருக்கமான மலாய் அறிந்த மலேசிய நண்பர்கள் சில பக்கங்களையாவது தமிழாக்கித் தர இயலுமா?