அலங்காரத்தில் அரிய மலர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பாலக்கோடு வாசகி

சென்ற ஐப்பசியில் தருமபுரியில் நடந்த என் அக்கா மகள் திருமணத்தில், ரோஜாவுக்கும் ஜெர்பராவுக்கும் நடுவே செங்காந்தளைச் செருகியிருந்தார்கள். எங்கள் வேலியில் மழைக்காலத்தில் தானாகப் படரும் கண்வலிக்கிழங்குக் கொடிதான் அது. மஞ்சளும் சிவப்புமான ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து, விளக்கொளியில் சுடராகவே தெரிந்தன. அப்போது இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கீழ்வரிசைப் பூவைப் பறித்து வாயருகே கொண்டுபோனது. ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டேன். ஒரு பூவுக்காகப் பிள்ளையைக் கடிந்துகொண்டேன் என்று அதன் தாய் வருந்தினாள். மணமேடை அருகே நஞ்சு என்ற சொல்லைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இதை மேடையில் வைக்கவே கூடாது.

ஓசூர், மலர் அலங்காரத் தொழில்

அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானது. முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. செடி முழுவதிலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் மிகுதி. ஆனால் உட்கொண்டால்தான் உயிருக்கு ஆபத்து. நெதர்லாந்துச் சந்தையில் கொய்மலராக விற்கும் நம் மாநில மலரை நாமே ஒதுக்கலாமா? குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டும்போது கையுறை அணியுங்கள். இலை நுனிகள் பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துப் பூவைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இழுக்காமல் பொறுமையாகப் பிரித்தெடுங்கள். வலிந்து இழுத்தால் இதழ்தான் கிழியும். விழா முடிந்ததும் கொடியை ஆடுமாடு மேயும் இடத்தில் எறியாதீர்கள்.

என் அனுபவம் சிறியது. ஆந்தூரியத்தை ரோஜாவுடன் ஒரே குளிரறையில் வைத்தேன். ரோஜாவுக்கு உகந்த 2 முதல் 4 டிகிரிக் குளிர், வெப்பமண்டலப் பூவான அதைக் கறுக்கச் செய்துவிட்டது.

காவேரிப்பட்டணம்

அரளியும் நஞ்சுதான்; அதைத் தினமும் மாலையாகக் கட்டுகிறோமே, அதையும் விலக்கிவிடுவோமா?

என் தந்தையின் அறுபதாம் கல்யாணத்துக்காக, தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பேர்ட் ஆஃப் பாரடைஸ் மலர்களை ஓசூரிலிருந்து வரவழைத்தேன். முதல் நாள் மாலைக்குள் ஆரஞ்சு இதழ்கள் வாடிச் சரிந்தன. குப்பையில் போட எடுத்தபோது, பூக்கட்ட வந்திருந்த முதியவர் ஒன்றைக் கேட்டு வாங்கினார். அலகு போன்ற உறையைச் சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அதன் மேற்பிளவில் கட்டைவிரலை நுழைத்து, உள்ளே மடிந்திருந்த அடுத்த பூவை மெல்ல மேலே தூக்கி நிறுத்தினார். முந்தைய வாரம் வேறொரு விழாவில் நான் எறிந்த கட்டு முழுவதும் அந்த நொடியில் நினைவுக்கு வந்தது.