ஐடி எண் சோதனை: 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு மட்டும் உதைக்கிறது

தேவன், சாட்ஸ்வொர்த்
வணக்கம். எங்கள் சபை உறுப்பினர் பட்டியலை எக்செலில் ஏற்றி, நம் தென்னாப்பிரிக்க 13 இலக்க ஐடி எண்களை (முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதம், நாள்) லூன் முறையில், அதாவது தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் கூட்டல் சோதனையில், சரிபார்க்கிறேன். இடமிருந்து எண்ணி, ஒற்றைப்படை இடத்து இலக்கங்களை அப்படியே கூட்டுகிறேன். இரட்டைப்படை இடத்தில் இருப்பதை இரட்டித்து, 9-ஐத் தாண்டினால் 9 கழிக்கிறேன். மொத்தம் 10-ஆல் வகுபட வேண்டும்.

1999 வரை பிறந்தவர்கள் எல்லாரும் சரி. 2001 முதல் 2009 வரை ஏறக்குறைய எல்லாம் தப்பு. 2000-இல் பிறந்தவர்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர்காரர்கள் மட்டும் தப்பித்துக்கொள்கிறார்கள்! 2010-க்குப் பிறகு மறுபடி சரி. கார்டோடு ஒப்பிட்டால் எண்ணில் பிழையே இல்லை.

குமாரி, பீனிக்ஸ்
புதிய எண்களுக்கு வேறு சூத்திரமோ?

ரவி, மாரிட்ஸ்பர்க்
இல்லை அக்கா, அப்படியென்றால் 2010-க்குப் பிறகும் உதைத்திருக்கும். தேவன் அண்ணா, ஒரு மாதிரி எண் போடுங்கள். யாருடைய நிஜ எண்ணும் வேண்டாம்.

தேவன், சாட்ஸ்வொர்த்
பிப்ரவரி 30-இல் பிறந்த ஆளாக ஒன்று கட்டினேன்: 0202301234086. கையால் கூட்டினால் 40 வருகிறது, எக்செலில் 35.

ரவி, மாரிட்ஸ்பர்க்
கலத்தைச் சொடுக்கிப் பாருங்கள், 202301234086 என்றுதான் இருக்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சைபரை விழுங்கிவிட்டது. மிச்சம் 12 இலக்கம், அதனால் ஒற்றை இடமெல்லாம் இரட்டை இடமாகிவிட்டது.

2000 ஜனவரி முதல் செப்டம்பர் வரை பிறந்தவர்களுக்கு மூன்று சைபர் போகும், இடம் மாறும். அக்டோபர் முதல் எண் 0010, 0011, 0012 என்று தொடங்குவதால் இரண்டுதான் போகும். இரண்டு போனால் ஒற்றை ஒற்றையாகவே நிற்கும். அதுதான் அவர்கள் தப்பித்த ரகசியம். மற்றவர்களில் ஒன்றிரண்டு தேறியிருந்தால் அது தற்செயல்.

லூன் முறையை எப்போதும் வலமிருந்து எண்ணுங்கள். கடைசி இலக்கம் அப்படியே, அதற்கு முந்தியது இரட்டிப்பு. அப்புறம் முன் சைபர் இருந்தாலும் போனாலும் விடை ஒன்றே. ஆனாலும் பட்டியலில் எண் முழுசாக இருக்க வேண்டுமே, ஆகவே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றி, 13 இலக்கம் வரும்வரை முன்னால் சைபர் நிரப்புங்கள்.

தேவன், சாட்ஸ்வொர்த்
எல்லாம் தேறிவிட்டது, நன்றி தம்பி! அந்த 9 கழிப்பது எதற்கு? வெறுமனே இரட்டித்தால் போதாதா?

ரவி, மாரிட்ஸ்பர்க்
போதாது. 10-ஆல் வகுத்த மீதியைத்தானே பார்க்கிறோம்? 0-ஐ இரட்டித்தால் 0, 5-ஐ இரட்டித்தால் 10, இரண்டுக்கும் மீதி ஒன்றே. 5-க்குப் பதில் 0 அடித்தாலும் தெரியாது. 2-க்கும் 10-க்கும் பொதுக் காரணி இருப்பதால் வரும் வினை இது. 9 கழித்தால் 0 முதல் 9 வரை 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 என்று பத்தும் வேறு வேறாக விழும். ஓர் இலக்கம் மாறினால் கட்டாயம் பிடிபடும்.

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும், 09 மட்டும் 90 ஆனால் நழுவிவிடும். அந்த ஜோடி வரும் எண்களை மட்டும் கார்டோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.