பூப்போட்ட கிட்டாரும் மீசை வைத்த கேள்விகளும்

சமீபத்தில் வாங்கிய கிட்டாரின் பிக்கார்டில் (கீறல் விழாமல் இருக்க முகப்பில் ஒட்டும் தகடு) பூ, கொடி, பூவில் தேன் குடிக்கும் ஒரு குட்டிப் பறவை. கிப்சன் கம்பெனியின் 'ஹம்மிங்பேர்ட்'. ஒத்திகையில் பெட்டியைத் திறந்ததும் எங்கள் டிரம்மர் கேட்டது: "என்னடா, அக்கா கிட்டாரைத் தூக்கிட்டு வந்துட்டியா?" பாஸ் வாசிப்பவர் வயதில் பெரியவர், எல்லோருக்கும் அண்ணா. அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். "கிட்டார் நல்லா இருக்கு தம்பி. அந்த பிக்கார்டை மட்டும் எடுத்துட்டுக் கறுப்பா ஒண்ணு போட்டுக்கோ" என்று அக்கறையாகச் சொன்னார். நான் வாசித்துக் காட்டிய பிறகும் பேச்சு பூவை விட்டு நகரவில்லை. இத்தனைக்கும் ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் கையில் ஹம்மிங்பேர்டை எனக்கு முதலில் காட்டியவனே இந்த டிரம்மர்தான். 1960-இல் வந்த மாடல். மகாகனி முதுகு, கொஞ்சம் குட்டையான ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), விரலைப் படுத்தாத கம்பி இழுப்பு, பாடுபவர் குரலை அமுக்காத சத்தம். நான் வாங்கியது இதற்காக. பூ கூடவே வந்தது, அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

கிட்டாரின் அலங்காரத்தை வைத்து "இது ஆம்பளைக்குப் பொருந்துமா" என்று யாராவது கேட்கும்போது நீங்கள் கூட இருந்திருக்கிறீர்களா? சொல்லுங்கள். கேட்டது நீங்களே என்றாலும் சரி.

*

உங்கள் டிரம்மரைக் கௌபாய் பாடகர்களின் பழைய புகைப்படங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் முன்பு ரயிலில் பிரேக்மேனாக வேலை பார்த்தவர், அதாவது கரியும் எண்ணெயும் புழங்கிய ஆள். மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1928-இல் அவருக்குச் செய்துகொடுத்த 000-45 மாடலின் ஃப்ரெட்போர்டில் (விரல் வைக்கும் பலகை) அவர் பெயரைச் சிப்பியில் பதித்திருந்தது. முதுகில் பெரிய எழுத்தில் 'தாங்க்ஸ்'. கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் கூட்டத்துக்கு நன்றி சொன்ன மாதிரி. அவருடைய ரசிகர் ஜீன் ஆட்ரி, பின்னாளில் திரையில் குதிரையும் கிட்டாருமாகப் பேர் வாங்கியவர். அதே ஜோடனையை ட்ரெட்நாட் என்ற பெரிய, அகன்ற உடம்பில் வேண்டும் என்று 1933-இல் கேட்டு வாங்கினார். மார்ட்டினின் முதல் டி-45 மாடல் அதுதான். அதிலும் பெயர் சிப்பியில்தான், உடம்பின் ஓரமெல்லாம் அபலோனிச் சிப்பி. 1942-இல் நிறுத்துவதற்குள் 91 மட்டுமே செய்தார்கள்.

கிப்சனின் பெரிய ஜே-200-உம் இப்படித்தான், 1930-களின் கடைசியில் ரே விட்லி என்ற இன்னொரு கௌபாய் பாடகருக்காகத் தொடங்கியது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் முறுக்கிவிட்ட மீசை வடிவத்தில், பிக்கார்டில் பூவும் கொடியும். இரண்டும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் இருக்கின்றன. எல்விஸ் பிரெஸ்லி 1970-களில் மேடையில் மாட்டியிருந்த கிப்சனின் கறுப்பு 'டவ்' (புறா) கிட்டாரில் சிப்பிப் புறாவும் இருந்தது, கராத்தே ஸ்டிக்கரும் இருந்தது!

என் அனுபவம் என்று கேட்டால், புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையின் ரசிகர் ஒருவர். "சிப்பி வேலையெல்லாம் பொம்பளைங்க நகைப்பெட்டி சமாச்சாரம் சார்" என்று என்னிடம் வெகுநேரம் விளக்கினார். விளக்கி முடித்துவிட்டு, சாவதற்குள் ஒரு பழைய டி-45-ஐத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார். அவர் இரண்டையும் மனதாரச் சொன்னார், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

*

நான் கிட்டார் ரிப்பேர் பார்ப்பவன், இன்லே வேலையும் (மரத்தில் சிப்பி பதிப்பது) செய்வேன். ஆண்கள் அலங்காரம் கேட்பதே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்கிறார்கள், கேட்கும் விதம்தான் வேறு. "பெரிசா ஒண்ணும் வேண்டாம்ண்ணா, சிம்பிளா" என்று ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் மண்டையோடு, டிராகன், கழுகு, தீ நாக்கு என்று வரைந்து காட்டுவார்கள். ஒருவர் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் முழு ஓநாய் கேட்டார். அது சிம்பிளாம்.

வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சிப்பித் தகடு ஒன்றரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. தாளில் வரைந்ததை அதன்மேல் ஒட்டி, மயிரிழை மாதிரியான ரம்பத்தால் அறுக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் சிப்பி முறியும், இல்லை ரம்பம் அறுந்துபோகும். அறுக்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிறகு கருங்காலியில் அதே அளவுக்குக் குழி எடுத்து, கருங்காலித் தூளைப் பசையில் குழைத்து ஒட்டி, காய்ந்ததும் பலகையின் வளைவோடு சமமாகும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கத்தான் பச்சையும் ஊதாவும் கண்ணுக்கு வரும். இதில் கஷ்டமானது எது தெரியுமா? கொடி. மண்டையோட்டில் அகலமான இடம் இருக்கும், ரம்பம் நிம்மதியாகத் திரும்பும். கொடியின் தண்டும் சுருளும் மூச்சு விட்டால் உடையும். முரட்டு வேலை எது என்று கேட்டால் நான் பூங்கொடியைத்தான் காட்டுவேன்.

ஆனால் கறுப்பு பிக்கார்டு யோசனை சொன்ன அண்ணாவிடம் ஒன்று சொல்லுங்கள். பழைய கிட்டாராக இருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. சுற்றியுள்ள மரம் வெளிச்சம் பட்டுப் பழுத்திருக்கும், பிக்கார்டுக்கு அடியில் வெளிறியே இருக்கும். சூடு காட்டாமல் இழுத்தால் மரநாரும் சேர்ந்து வந்துவிடும்.

*

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு பெரிய, மொட்டையான, அதாவது அலங்காரமே இல்லாத ட்ரெட்நாட். கடையில் என்னைப் பார்த்ததுமே சின்ன உடம்புக் கிட்டார்களாக இறக்கினார்கள், எல்லாவற்றிலும் நடு ஓட்டையான சவுண்ட்ஹோலைச் சுற்றிப் பூ. "மேடம், இது உங்களுக்கு அழகா இருக்கும்." நான் சுவரில் மாட்டியிருந்த ட்ரெட்நாட்டைக் காட்டினேன். "அது கொஞ்சம் பெரிசு மேடம், ஆம்பளைங்க வாசிக்கிறது." நானே எடுத்து வாசித்தேன். அவருக்கு ஒரே சங்கடம், கடைசியில் பில் போடும்போதுகூட "யாருக்காவது கிஃப்ட்டா?" என்றார். எங்களுக்குப் பூ, உங்களுக்கு ஓநாய் என்று யார் பங்கு பிரித்தார்கள் என்று தெரியவில்லை. என் பங்கை யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

*

எனக்கு மொட்டைக் கிட்டார்தான் பிடிக்கும். ஆம்பளைத்தனம், அது இது எல்லாம் இல்லை. மேடை விளக்கில் சிப்பி மின்னும்போது என் கண் ஃப்ரெட்டைத் தவறவிடுகிறது. அப்புறம், அந்தச் சிப்பிக்குக் கொடுக்கும் பணம் சத்தத்தில் கேட்பதில்லை. மார்ட்டினின் எளிமையான டி-18-ஐயும் ஜோடனையான டி-45-ஐயும் அருகருகே வைத்தால் மரம் வேறு, அதனால் சத்தம் வேறு. சிப்பிக்கு அதில் பங்கில்லை. உடம்பின் ஓரத்தைச் சுற்றி ஒட்டும் பட்டையான பைண்டிங் மட்டும் விதிவிலக்கு. அங்கே மரத்தின் வெட்டுமுனை இருக்கிறது, மூடாவிட்டால் ஈரம் ஏறும், இடிபட்டால் சிதையும். எனவே "எதுவுமே இல்லாத கிட்டார்தான் சுத்தம்" என்று சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன்.

*

மேலே எழுதியவரின் காரணம் நியாயம். ஆனால் நான் சந்தித்த மொட்டைக் கிட்டார்க்காரர்கள் பலர் அவரைப் போல இல்லை. பூவைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், தன் கிட்டாரில் உள்ள கீறலை மட்டும் விரல் வைத்துக் காட்டுவார்கள். இது அந்த டூரில் விழுந்தது, இது அந்த இரவில் விழுந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கதை இருக்கும். கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் 'ட்ரிக்கர்' என்ற கிட்டாரில் பிக் (கம்பி மீட்டும் சில்லு) தேய்த்துத் தேய்த்துப் பெரிய ஓட்டையே விழுந்திருக்கிறது, மேலெல்லாம் நண்பர்களின் கையெழுத்து. அது அவர் உழைத்து வாங்கிய ஓட்டை. இப்போது புதுக் கிட்டாரையே கம்பெனியில் சுரண்டி, பெயின்ட்டைத் தேய்த்து, பழசாக்கி விற்கிறார்கள், அதற்குத் தனிக் காசு. அப்படி ஒன்றை வாங்கிய நண்பர் என் கிட்டாரின் ஹெட்ஸ்டாக்கில் (கழுத்தின் நுனி) இருக்கும் சிப்பி இலையைப் பார்த்து, "ஷோ காட்ட இவ்வளவு செலவா?" என்றார். உங்களுடைய கீறலுக்கு எவ்வளவு ஆச்சு என்று திருப்பிக் கேட்டேன். தொகையைச் சொன்னார். என் இலை மலிவு.