பல்லிருத்தியை ஊறவைக்கும் ‘மாத்திரை’க்கு வேறு சொல் வேண்டும்

அன்புடையீர்,

நோயாளிகளுக்கான நம் தமிழ்க் குறிப்பில் ரிடெய்னருக்குப் ‘பல்லிருத்தி’ என்று எழுத முடிவானதில் மகிழ்ச்சி. பல்லைச் சீராக்கப் போட்ட கம்பியைக் கழற்றிய பின் பற்கள் பழைய இடத்துக்கே நகர்ந்துவிடாமல் இருத்தி வைப்பது அதன் வேலை. அக்ரிலிக் தகடும் கம்பியும் கொண்ட ஹாலி வகை, பற்களின் மேல் உறைபோல் படியும் ஒளிபுகு பிளாஸ்டிக் வகை இரண்டுக்கும் சொல் பொருந்துகிறது.

என் கவலை பராமரிப்புக் குறிப்பின் வரைவில் உள்ள ஒரு வரியைப் பற்றியது: “சுத்திகரிப்பு மாத்திரையை ஒரு குவளை நீரில் போடவும்.” இலக்கணத்தில் வரும் மாத்திரையைத் தவிர நம்மிடம் உள்ள மாத்திரையெல்லாம் விழுங்குவதற்குத்தான். இதில் இருப்பதோ சோடா உப்பு, சிட்ரிக் அமிலம், பெரும்பாலும் பெர்சல்பேட் போன்ற வெளுக்கும் உப்பு. பல்செட் கழுவும் இவ்வகைப் பொருள்களைச் சிலர் மென்றும் விழுங்கியும் வாய் கொப்பளித்தும் தீங்குக்கு ஆளானதையும், பெர்சல்பேட்டால் வரும் ஒவ்வாமையையும் குறிப்பிட்டு 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆங்கிலச் சிட்டையிலேயே அந்தக் குழப்பம் என்றால், ‘மாத்திரை’ என்று எழுதி நாமே அழைப்பு விடுக்க வேண்டுமா?

‘கரைவில்லை’ சரிவருமா?

அன்புடன்.

--

> ‘கரைவில்லை’ சரிவருமா?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் மாத்திரையைக் குளிசை என்போம், அதுவும் விழுங்குவதுதான். ஆகவே உங்கள் அச்சம் எங்களுக்கும் உண்டு. கற்பூர வில்லையை யாரும் வாயில் போடுவதில்லை என்பதால் ‘வில்லை’ பிடித்திருக்கிறது. நீரில் பொங்குவதால் ‘நுரைவில்லை’ என்றால் என்ன?

--

ஐயா, நுரைப்பதாலேயே அது ஆகாது. வைட்டமின் மாத்திரையும் தண்ணீரில் நுரைக்கிறது, அதைக் குடிக்கிறோம்.

‘கரைவில்லை’யிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வேகமாகப் படிப்பவர் கண்ணில் அது ‘கரையவில்லை’ என்றே விழும். ‘கழுவுவில்லை’, ‘அலசுவில்லை’ என்று மாற்றினாலோ, வேலை செய்யாத பிள்ளை அம்மாவிடம் சொல்லும் பதில் போல ஆகிவிடுகிறது. எந்த வினையோடு சேர்த்தாலும் ‘வில்லை’ எதிர்மறையாகவே ஒலிக்கும். கற்பூரம் பெயர்ச்சொல் என்பதால் தப்பித்தது.

சலவைக்கட்டி, சோப்புக்கட்டி என்ற வழக்கைப் பார்த்து ‘ஊறல்கட்டி’ என்று முன்மொழிகிறேன்.

--

ஊறலா? தமிழ்நாட்டில் ஊறல் என்றால் சாராய ஊறல். மருத்துவமனைச் சுவரில் அந்தச் சொல்லை ஒட்டினால் முதலில் வருவது மதுவிலக்குப் போலீஸ்தான்.

‘கழுவுகட்டி’ போதும். வினைத்தொகை என்பதால் ஒற்றும் மிகாது. வெல்லக்கட்டியைத் தின்கிறோமே என்று யாராவது கேட்கலாம். முன்னால் ‘கழுவு’ நிற்கும்போது அந்த ஐயம் எழாது.

குறிப்பில் வேறு இரண்டு இடங்களையும் திருத்த வேண்டும். ‘வெந்நீர்’ என்று எழுதாதீர்கள். நம் வீட்டு வெந்நீர் எவ்வளவு கொதிக்கும் என்பது அவரவர் அடுப்பைப் பொறுத்தது. சூட்டில் பிளாஸ்டிக் நெளிந்துவிட்டால் பிறகு பல்லில் உட்காராது. அடுத்தது ‘நன்றாகத் தேய்க்கவும்’. தேய்ப்பது பாத்திரத்தை. பற்பசை போட்டு அப்படித் தேய்த்தால் அக்ரிலிக்கில் கீறல் விழும், கீறலில் அழுக்கும் கிருமியும் தங்கும். ‘மென்மையாகத் துலக்கவும்’ என்பதே சரி.

--

ஏற்கிறேன். அந்தப் பகுதி இப்போது இப்படி நிற்கிறது:

“சாப்பிடும் முன் பல்லிருத்தியைக் கழற்றி அதன் பெட்டியில் வையுங்கள், காகிதத்தில் சுற்றினால் குப்பைக்குப் போய்விடும். மறுபடி மாட்டும் முன் குளிர்ந்த நீரில் அலசுங்கள். நாள்தோறும் மென்மையான பிரஷ்ஷால், பற்பசை இல்லாமல், துலக்குங்கள். கழுவுகட்டியைக் குவளை நீரில் கரைத்து, உறையில் சொன்ன நேரம் மட்டும் ஊறவையுங்கள். எடுத்தபின் ஓடும் நீரில் நன்றாக அலசாமல் வாயில் வைக்கக் கூடாது. குவளையில் மிஞ்சிய நீரைக் கொட்டிவிடுங்கள். கழுவுகட்டி வாயில் போடுவதற்கு அல்ல. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.”

பல்லில் படியும் காரை பல்லிருத்தியிலும் வெள்ளையாகப் படியும். அதற்குப் ‘பற்காரை’ என்றே எழுதலாமா, ‘காரை’ மட்டும் போதுமா? மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அச்சுக்குப் போகிறது.