புளோரைடு கறை படிந்த பற்களை வெண்மையாக்கப் பாதுகாப்பான வழி எது?

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த என் தங்கைக்கு, இப்போது வயது 22, முன்பற்களில் பழுப்புக் கறையும் வெண்திட்டுகளும் உள்ளன. ஒகேனக்கல் குடிநீர் எங்கள் ஊருக்கு வரும் முன்பே, பற்சிப்பி (பல்லின் கடினமான மேலுறையான எனாமல்) உருவாகும் சிறு வயதில் புளோரைடு மிகுதியாக உடலில் சேர்ந்ததால் வந்த கறை இது என்பதால், தேநீர்க் கறையைப் போலத் துலக்கி அகற்ற முடியாது. எலுமிச்சைச் சாறு பற்சிப்பியை அரிக்கும், கரித்தூள் அதைத் தேய்க்கும் என்பதால் இரண்டையும் தவிர்த்துவிட்டோம்.

பல் மருத்துவர் இரு வழிகளைக் கூறினார். ஒன்று, பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த உறையில் பற்களை வெளுக்கச் செய்யும் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு இரவில் அணிவது. மற்றொன்று, அமிலம் கலந்த பசையால் பல்லின் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் மைக்ரோ அப்ரேஷன். ஜெல்லால் பற்கூச்சம் வரலாம் என்பதும், வெண்திட்டுகள் தொடக்கத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியலாம் என்பதும்தான் எங்கள் தயக்கம்.

இதே கறைக்குச் சிகிச்சை பெற்றவர்கள், எதை முதலில் செய்தீர்கள், கூச்சம் எவ்வளவு காலம் நீடித்தது, கறை திரும்பியதா என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டே அவள் சிரிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இச்சிகிச்சை பெற்றவர்கள் இருந்தால், யாரை எப்படி அணுக வேண்டும் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.